வாளியின் மறுமுனை

டொன் தானோ தன் வாயைத் தொட்டுக் காட்டினார். பிறகு கைத்தடியை நீட்டி என் நெஞ்சில் வைத்தார்.

விளங்காதவன்போல் நின்றேன். விளங்கியதுதான் பிரச்சினை.

ஞாயிறு காலை, பூசை முடிந்த நேரம். பலெர்மோ நகரின் பிரான்காச்சோப் பகுதியில், மூடிப் பல வருடங்களான ஓர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையின் வாசலில் நிற்கிறோம். பஸ்ஸில் வந்திறங்கிய கூட்டம் ஒன்று உள்ளே போய்ப் பார்க்கக் காத்திருக்கிறது. அந்த இடத்தைச் சுற்றிக் காட்டிக் கதை சொல்லுகிறவர் டொன் தானோ. அங்கேயே வேலை செய்து கிழவரானவர். நான் அங்கே கூட்டித் துடைத்து, கதவைத் திறந்து பூட்டுகிறவன்.

சில கிழமைகளுக்கு முன்தான் அவருக்குத் தொண்டையில் ஒப்பரேசன் நடந்திருந்தது. குரல் போய்விட்டது. காதைக் கொண்டுபோய் வாயோடு வைத்தால் மூச்சுக்குள் இரண்டொரு சொல் பிடிபடும், அவ்வளவுதான்.

அவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, சாம்பல் நிறக் கோட்டுடன் ஒரு பெண்மணி நின்றார். அவருடைய ஒரே மகள் ரொசாலியா. வடக்கே தோரினோவிலிருந்து அப்பாவைப் பராமரிக்க வந்தவர். அன்று பின்னேர ரயிலில் திரும்பிப் போகிறார்.

நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இண்டைக்கு நீ சொல்லு. அவள் கேக்க வேணும்."

ஒரு சின்ன விளக்கம்

சென்ற வாரம் வுச்சீரியா சந்தையில் நான் சுறா வாங்கப்போய் அவமானப்பட்டதைப் படித்த ஒருவர், "சிசிலிக்காரரெல்லாம் உங்கள் தொடரில் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கினம், எப்படி?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. டொன் தானோ கதைத்தது பள்ளிக்கூட இத்தாலியன் அல்ல, பலெர்மோ ஆட்களின் சொந்தப் பேச்சு. அதை எழுத்துத் தமிழில் போட்டால் அந்த மனிதருக்குக் கோட்டும் டையும் கட்டிவிட்டதுபோல் ஆகிவிடும். என் வீட்டுப் பேச்சுத்தான் அவருக்குப் பொருந்துகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராசாவும் துடைப்பமும்

அந்த வேலை எங்கள் பங்குச் சாமியார் மூலம் கிடைத்தது. கிழமை நாட்களில் கால்சாப் பகுதியில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறாய் என்று சாமியார் கேட்டார். ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மனிதன் சும்மா இருப்பது சாமியார்மாருக்குப் பிடிக்காது.

மூடிய தொழிற்சாலையை ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து பார்வையாளருக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். அதைத் துப்புரவாக்க ஆள் வேண்டுமாம். பாழடைந்த இடத்தைப் பார்க்க யார் பஸ் ஏறி வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

உள்ளே கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் மன்னார்ப் பக்கத்துக் கோயில் எதையும் அந்த மண்டபத்துக்குள் கோபுரத்தோடு வைத்துவிடலாம். மேலே உடைந்த கூரைக் கண்ணாடிகளால் வெயில் சாய்ந்து இறங்குகிறது. இரு பக்கமும் இரும்புத் தூண்கள். நடுவில் கறுத்துப்போன உலை, கழுத்தை நிமிர்த்தித்தான் உச்சியைப் பார்க்க வேண்டும். நிலம் முழுக்கக் கருமணல். அதைக் கையில் அள்ளினேன். மாவைப்போல மெத்தென்றிருந்தது. இறுக்கிப் பிடித்து விரித்தபோது என் உள்ளங்கை ரேகைகூட அதில் பதிந்திருந்தது.

"அதுக்குள்ளைதான் இரும்பை ஊத்திறது," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அதுதான் டொன் தானோ. "மணல் எதைக் கண்டதோ அதைத்தான் இரும்பும் காணும்."

பக்கத்து அறையில், மணலில் அச்சுப் பதிக்க மரத்தில் செதுக்கிய உருவங்கள் அடுக்கடுக்காகக் கிடந்தன. விளக்குக் கம்பம், வாங்கின் கால், கப்பல் சில்லு, திராட்சை இலை. அந்த இலையைக் கண்டதும் எனக்கு மேல் சிலிர்த்தது. கால்சாவில் சிஞ்ஞோராவின் பல்கனிக் கம்பிகளில் நான் தூசு தட்டுகிற அதே இலை. நுனி கொஞ்சம் இடப்பக்கம் சுருண்டிருக்கும். இத்தனை காலமாக அதைத் துடைத்துக்கொண்டு, அதைச் செய்த ஒரு மனிதன் இருந்திருப்பான் என்று நான் யோசித்ததே இல்லை.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது வழியில் கண்ட ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

இருமலும் சேர்த்து

டொன் தானோ கதை சொல்லும் விதமே வேறு. வருடம், தொன் கணக்கு எதுவும் கிடையாது. "பதினாலு வயசிலை இந்த வாசலாலை வந்தனான்," என்று தொடங்குவார். வேலைநிறுத்தக் காலத்தில் பெண்கள் கடலை மாப் பொரியலைப் பாணுக்குள் வைத்து மதிலுக்கு மேலால் எறிந்ததைச் சொல்லுவார். ஓரிடத்துக் கதை முடிந்தால் தரையில் கிடக்கும் தண்டவாளத்தில் கைத்தடியால் இரண்டு தரம் தட்டுவார். கூட்டம் அடுத்த இடத்துக்கு நகரும். நான் துடைப்பத்தோடு பின்னால் போவேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் நான் நாட்டுக்கூத்தில் ராசா வேஷம் கட்டியவன். எழுத்துக் கூட்டிப் படித்து ஆடியவன் அல்ல. அண்ணாவியார் சொல்லச்சொல்லக் காதால் வாங்கி, ஒரு முழு இரவுக் கூத்தை நெஞ்சில் வைத்திருந்தவன். எங்கள் ஊரில் களவெடுத்தவனைக்கூட மன்னித்துவிடுவார்கள், மேடையில் வரி மறந்தவனை மன்னிக்க மாட்டார்கள். ஒரே ஒரு பாட்டை விழுங்கிய பாவத்துக்கு ஒருவரைச் சாகும்வரை 'மறதி அந்தோனி' என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லறையில் மட்டும்தான் அந்த 'மறதி' இல்லை.

அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், சொந்த முகவரியே வராது. ஆனால் டொன் தானோவின் கதை தொடக்கத்திலிருந்து முடிவுவரை, அவர் பேச்சிலேயே, எனக்குள் ஏறிவிட்டது. எங்கே குரலை இறக்குவார், எங்கே இருமுவார் என்பதுகூட.

வீட்டில் சமையலறையில் நின்று சொல்லிப் பார்ப்பேன். என் மனைவி ஜெசிந்தா தலையில் அடித்துக்கொள்ளுவாள்.

"இஞ்சேருங்கோ, ஊரிலை ராசா எண்டு ஆடினியள். இஞ்சை இரும்படிக்கிற கிழவனா ஆடுறியள். எப்பதான் அப்பா நீங்களா இருக்கப்போறியள்?"

ஒருநாள் யாரும் இல்லை என்று நினைத்து, வெறும் மண்டபத்தில் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு முழுவதையும் உரத்துச் சொன்னேன். முடிந்ததும் தண்டவாளத்தில் இரண்டு தரம் தட்டினேன். தூணுக்குப் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. டொன் தானோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ரை இருமலையும் விடேல்லை நீ," என்றார்.

ஊருக்குச் சொன்னது, மகளுக்குச் சொல்லாதது

சுற்றிக் காட்டுகையில் கடைசிக்கு முந்திய இடம் உலைவாய். அங்கே மணலில் ஒரு வாளி இருக்கும். வாளி என்றால் கிணற்று வாளி அல்ல. தடித்த இரும்பு வாளி ஒன்று, இரு பக்கமும் ஆளளவு நீளத்தில் இரும்புத் தண்டு. உருகிய இரும்பை அதில் ஏந்தி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு, மணலில் பதித்த அச்சுக்கு அச்சு நடப்பார்கள். கூட்டத்தில் ஒருவரைக் கூப்பிட்டு மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி, வெறும் வாளியைத் தூக்கிக் காட்டுவார் டொன் தானோ. தூக்கியபடியே சொல்லுவார்:

"ஒருத்தன் விட்டால் மற்றவன்ரை காலிலை ஊத்துப்படும். உலையைத் திறந்தால் கடைசி அச்சு நிரம்புமட்டும் மூடேலாது. அண்டைக்கு எல்லாக் கையும் ஒவ்வொரு தண்டிலை, மாத்திப் பிடிக்க ஆளில்லை. என்ரை மனிசிக்குக் கடைசி நேரம் எண்டு வாசலிலை வந்து என்ரை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவை. எனக்குக் கேட்டது. நான் இந்தத் தண்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். வெளியாலை வரேக்கை பின்னேரம். அவள் போயிட்டாள்."

பிறகு வாளியை வைத்துவிட்டுத் தண்டவாளத்தில் தட்டுவார். "இனி அங்கை பாருங்கோ, விளக்குக் கம்பம்."

வாசலில் வந்து கூப்பிட்டது அவருடைய மைத்துனி. பெண்களை உள்ளே விடமாட்டார்கள். அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த ரொசாலியாவுக்கு அந்தச் சித்தி சொன்னது ஒன்றுதான்: "கூப்பிட்டனான். கேட்டும் உன்ரை அப்பா வரேல்லை."

பொய் இல்லை. பிள்ளை அதை நெஞ்சில் வைத்துக்கொண்டே வளர்ந்து, கலியாணம் கட்டி, நாட்டின் மறு கோடிக்குப் போய்விட்டது. நத்தாருக்கு ஒரு தொலைபேசி. ஒப்பரேசன் என்றதும் வந்தார். மருந்து கொடுத்தார், சூப்பு வைத்தார். அதற்குமேல் இருவருக்கும் ஒரு கதையும் இல்லை.

இதையெல்லாம் குரல் இருந்த காலத்தில் டொன் தானோ தானே எனக்குச் சொன்னவர்.

"ஊருக்கெல்லாம் சொல்லிறியள். மகளுக்குச் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன்.

"அவள் ஒரு நாளும் சுத்திப் பாக்க வரேல்லையே," என்றார். பகிடிபோலத்தான் சொன்னார். ஆனால் சிரிக்கவில்லை.

என்னுடைய வரவு

ஆகவே அந்த ஞாயிறு, கைத்தடி என் நெஞ்சில் இருந்தபோது, எனக்கு எல்லாம் விளங்கியது. ரொசாலியா இன்றைக்குக் கேட்காவிட்டால் பிறகு கேட்கப்போவதில்லை. அதைச் சொல்லுவதற்கு அவரிடம் குரல் இல்லை, என்னிடம் இருந்தது.

துடைப்பத்தைச் சுவரில் சாத்தினேன். சட்டையை இழுத்துவிட்டேன்.

"பதினாலு வயசிலை இந்த வாசலாலை வந்தனான்," என்றேன்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஏன் எழாது? கறுத்த மனிதன் ஒருவன், பலெர்மோக் கிழவனின் பேச்சில், இந்த வாசலால் வந்தேன் என்கிறான். தொப்பி போட்ட ஒருவர் தன் மனைவியிடம் ஏதோ சொன்னார். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியாது. ராசா வேஷம் கட்டியவன், "ராசா என்ன சொன்னார் என்றால்" என்று சொல்லிக்கொண்டா ஆடுவான்?

டொன் தானோ தண்டவாளத்தில் தட்டினார். சிரிப்பு நின்றது.

பிறகு எனக்குக் கூட்டம் தெரியவில்லை. மணல் வந்தது, மதிலுக்கு மேலால் பறந்த பாண் வந்தது, கூலி கேட்டு வாசலில் குந்தியிருந்த மழைநாள் வந்தது. டொன் தானோ கைத்தடியால் இடத்தைக் காட்டக் காட்ட, நான் சொல்லிக்கொண்டு போனேன். அவர் இருமுகிற இடத்தில் இருமினேன். அவர் தோள் சத்தமில்லாமல் குலுங்கியது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததைப் பிறகுதான் கண்டேன்.

ரொசாலியா மட்டும் கடைசியாக வந்துகொண்டிருந்தார். கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

உலைவாய்

டொன் தானோ கைத்தடியைத் தூணில் சாத்திவிட்டு, குனிந்து தண்டின் முன்முனையைப் பிடித்தார். ஒப்பரேசன் செய்த உடம்பு. நான் பிடிக்கிறேன் என்று முன்னுக்குப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, மகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். கூப்பிடக்கூட இல்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் ரொசாலியா வந்து மறுமுனையைப் பிடித்தார். இருவரும் தூக்கினார்கள். அப்பாவின் முதுகுதான் மகளுக்குத் தெரிந்தது.

"ஒருத்தன் விட்டால் மற்றவன்ரை காலிலை ஊத்துப்படும்," என்றேன். உலையைத் திறந்தால் மூட முடியாததைச் சொன்னேன். மாற்றிப் பிடிக்க ஆளில்லாததைச் சொன்னேன்.

அடுத்த வரி எனக்குத் தெரியும். நாக்கின் நுனியில் நின்றது. ஆனால் வாய் திறக்கவில்லை. மற்ற மனிதர்களுக்கு முன்னால், ஒரு மகளுக்கு அவளுடைய தாயின் சாவைச் சொல்ல நான் யார்? டொன் தானோவைப் பார்த்தேன். கையில் கைத்தடி இல்லை, தட்ட முடியாது. சப்பாத்துக் காலால் மணலில் இரண்டு தரம் மிதித்தார்.

சொன்னேன். "என்ரை மனிசிக்குக் கடைசி நேரம் எண்டு வாசலிலை வந்து என்ரை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவை. எனக்குக் கேட்டது."

ரொசாலியாவின் பக்கம் வாளி மெல்ல ஆடியது. யாரோ ஒரு மனிதர் தண்டை வாங்கக் கையை நீட்டினார். ரொசாலியா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வெறும் வாளிதான் அது, உள்ளே தூசுதான் இருந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. விட்டால் அப்பாவின் காலில் ஊற்றுப்பட்டுவிடும் என்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வெளியாலை வரேக்கை பின்னேரம்," என்றேன். "அவள் போயிட்டாள்."

கூரையில் புறா ஒன்று நகர்ந்தது.

"பிறகு?" என்றார் ரொசாலியா. என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "பிறகு என்ன செய்தியள்?"

அதற்கு என்னிடம் வரி இல்லை. கதை அங்கே முடிகிறது. எத்தனையோ ஞாயிறு கேட்டவன் நான், அதற்குப் பிறகு விளக்குக் கம்பம்தான். வாழ்க்கையில் முதல் தரம் மேடையில் வரியில்லாமல் நின்றேன்.

டொன் தானோ உதட்டை அசைத்தார். ஓடிப்போய்க் காதைக் கொடுத்தேன். மூச்சு விட்டுவிட்டு வந்தது. வந்ததை வந்தபடியே உரத்துச் சொன்னேன்.

"வீட்டை வந்தன். உன்ரை பின்னல் குலைஞ்சு கிடந்தது. அம்மா பின்னி விட்டது. எனக்குப் பின்னத் தெரியாது. கையெல்லாம் கரி. உன்னைத் தொடப் பயமா இருந்தது."

கூத்தில் நாடிழந்து, பிள்ளை இழந்து, எத்தனையோ தரம் மேடையில் அழுதிருக்கிறேன். எல்லாம் பாட்டுக்கு ஏற்ற அழுகை. அன்று என் குரல் உடைந்தது பாட்டுக்கு அல்ல. நான் கண்ட பெரிய மண்டபங்கள், பெரிய கோயில்கள் எதற்கும் முன்னால் இவ்வளவு சின்னவனாக நின்றதில்லை.

அந்த முதுகைப் பார்த்தபடியே ரொசாலியா தண்டில் பிடியைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்:

"அப்பா. சேர்ந்து கீழை வைப்பம். மெல்ல."

இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். வாளி மணலில் சத்தமில்லாமல் அமர்ந்தது.

விட்ட வரி

பின்னேர ரயிலில் ரொசாலியா போகத்தான் செய்தார். வேலை, பிள்ளைகள், வீடு எல்லாம் அங்கேதானே. போகும்முன், கையெல்லாம் துருவாக இருக்கிறதே என்று குழாயைத் திறந்துவிட்டேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, அந்தக் கையாலேயே அப்பாவின் சால்வையைச் சரிசெய்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தார். அவர்கள் வளைவு திரும்பும்வரை கதவைப் பூட்டாமல் நின்றேன்.

டொன் தானோவின் குரல் திரும்பி வரவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் சொன்னேன். அவர் முன்னால் கைத்தடியோடு, நான் பின்னால் கதையோடு. சாமியார் பார்க்க வந்தார். ஜெசிந்தாவும் வந்து, கடைசிவரை கேட்டுவிட்டு, அன்று முழுக்க என்னைப் பகிடி பண்ணாமல் இருந்தாள். எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

வாளியைத் தூக்கும் இடத்தில், "ஒருத்தன் விட்டால் மற்றவன்ரை காலிலை ஊத்துப்படும்," என்பேன். உலையை மூட முடியாததைச் சொல்லுவேன். அதோடு நிறுத்திவிட்டு விளக்குக் கம்பத்துக்குப் போய்விடுவேன்.

ஒருநாள், முன்பு ஒருமுறை வந்துபோன பெண்மணி ஒருவர் கையைத் தூக்கினார்.

"இந்த இடத்திலை மனைவியைப் பற்றி ஏதோ சொல்லுவியளே? அது எனக்கு நல்லா ஞாபகம். இண்டைக்கு விட்டிட்டியள்."

டொன் தானோவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறந்துபோனன், சிஞ்ஞோரா," என்றேன்.

டொன் தானோ தண்டவாளத்தில் இரண்டு தரம் தட்டினார்.